பத்முத் தீவின் மண்

1965 ஜூன் 3, வியாழன்

காலையிலிருந்தே வெயில். நம்ம சிவகாசி வெயில்தான், ஆனால் வியர்வை இல்லை. இரண்டு சேலை துவைத்து ஜன்னலில் போட்டேன், சீக்கிரமே அப்பளமாகக் காய்ந்துவிட்டது. ஓட்டல்காரன் வந்து, ஜன்னலில் துணி போடக்கூடாது என்று கையை ஆட்டினான். பிறகு எதற்கு ஜன்னல்?

அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஊசி போட்டாயிற்று. என்னைக் கூட்டி வந்ததே இதற்குத்தான். பிரஸ் முதலாளி செல்லையா அண்ணாச்சி, அவர் சம்சாரம் பாக்கியம் அக்கா, சபைப் போதகர், ஊசி போட ரிட்டையர் ஆன நர்ஸ் நான். திருநாட்டுப் பயணம் என்று பெயர். இதுவரை பார்த்ததில் பாதி கடை.

இந்த ஏதென்ஸைப் போதகர், பைபிளில் இருக்கிறபடி, அத்தேனே பட்டணம் என்றே சொல்கிறார். ஓட்டல்காரனுக்குப் புரியவில்லை. இவரும் விடுவதாயில்லை.

நாளை பத்முத் தீவு. அப்போஸ்தலர் தரிசனம் கண்ட குகை. நான் வந்தது இதற்கு. தங்கச்சி எஸ்தருக்காக. வயிற்றுக் கட்டி, மதுரை டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அவளுக்கும் தெரியும் போல. புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, என் குழியில நம்மூரு மண்ணோட அந்தத் தீவு மண்ணும் ஒரு பிடி போடணும். பரலோகம் தெரிஞ்ச எடம்லா." சீ போடி என்றேன். பஸ்ஸில் அழுதேன்.

அண்ணாச்சியின் பெட்டியில் கட்டுக் கட்டாகக் கவர். "பத்முத் தீவின் பரிசுத்த மண்", மூன்று கலர், நடுவில் குகைப் படம். குகையை ஒருவரும் பார்த்ததில்லை. ஆர்ட்டிஸ்ட் திருப்பரங்குன்றத்து மலையை நினைத்து வரைந்தானாம். ஊரிலேயே அச்சடித்து, எஸ்தரே வீட்டில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டியும் கொடுத்தாயிற்று. கோவில் அசன விருந்தன்று வீட்டுக்கு ஒன்று. சிவகாசிப் புத்தி இது. லேபிள் முதலில், சரக்கு அப்புறம்.

ஜூன் 4, வெள்ளி

எழுதவே கூசுகிறது. எழுதினால்தான் தூக்கம் வரும்.

துறைமுகத்தில் ஒரே காற்று. எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று விளங்கவில்லை. அண்ணாச்சி ஒரு படகுக்காரனிடம் போய், "பத்மு? பத்மு?" என்றார். அவன் புருவத்தைத் தூக்கி மோவாயை மேலே ஒரு வெட்டு வெட்டினான். பிறகு தன் படகைக் காட்டினான்.

"ஆமாங்கான். ஏறுங்க, ஏறுங்க" என்றார் அண்ணாச்சி.

சீக்கிரமே கரை வந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் போக வேண்டும் என்றல்லவா சொன்னார்கள் என்று கேட்டேன். "நல்ல காத்து, சிஸ்டர்" என்றார் போதகர். பா. அக்கா வாந்தி. எலுமிச்சம்பழம் நான் கொண்டு போனதால் பிழைத்தாள்.

இறங்கினால் குகையும் இல்லை, கோவிலும் இல்லை. லவுட் ஸ்பீக்கர். நம்மூர்க் கல்யாண வீடு தோற்றது. பலகையில் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது, பீச் கிளப் என்று.

"குகை இதுக்குப் பின்னால இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

பார்த்தவை:

ஆணும் பெண்ணும் மணலில் வரிசையாக மல்லாந்து. உடம்பில் துணி என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு காயம் கட்ட அதைவிட அதிகம் ஆகும். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், உடம்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் பார்த்த உடம்புகள் வெட்கப்பட்டன.

எண்ணெய். ஒருத்தி முதுகில் ஒருத்தன் தேய்க்கிறான். சனிக்கிழமைக் குளியல் மாதிரி. சீயக்காய் மட்டும் இல்லை. அதே எண்ணெயோடு கடலில் இறங்குகிறார்கள், அதே எண்ணெயோடு சாப்பிட உட்காருகிறார்கள்.

கொடியில் எட்டுக்கால் கடல் பிராணி காய்கிறது, துவைத்த துணி போல. ஈ மொய்க்கிறது. அதை வெட்டிச் சுட்டுத் தின்கிறார்கள். ஐயோ குமட்டல்.

மணலெல்லாம் சிகரெட் துண்டு, மீன் முள், பாட்டில் மூடி.

ஆட்டம். ஒருத்தன் ஆட, மற்றவர்கள் தட்டை அவன் காலடியில் போட்டு உடைக்கிறார்கள். நல்ல பீங்கான் தட்டு! கோபத்தில் இல்லை, சந்தோஷத்திலாம். அந்தச் சில்லுக்குள் வெறுங்காலோடு ஆடுகிறான். டெட்டனஸ் ஊசி போட்டிருப்பானா?

ஒரு நொண்டிக் கிழவி. என்னைவிட மூத்தவள். கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு நடுவில் போய் நின்று, ஒரு காலை இழுத்து இழுத்து ஆடுகிறாள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். வயசுக்காவது மரியாதை வேண்டாமா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதெல்லாம் போகட்டும். நம் ஆட்களைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பாலாக வெளுக்கும் ஒரு பானம் வந்தது. சோம்பு வாசனை. "வாயுவுக்கு நல்லது" என்று அண்ணாச்சி ஒரு கிளாஸ். "வயித்துக்கு நல்லது" என்று போதகர் இரண்டு. அது சாராயம் என்று மூக்கு உள்ள எவருக்கும் தெரியும். சர்க்கரை நோயாளி! சொன்னேன். "சோம்புத் தண்ணிக்குப் போயி ஏன் இந்தப் பாடு படுத்துறீக, சிஸ்டர்?" என்றார் அண்ணாச்சி.

குகையை யாரும் தேடவில்லை. அண்ணாச்சி குடை நிழலில் உட்கார்ந்தபடியே மஞ்சள் பையில் மணலை அள்ளினார். போதகர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார், லேசாக ஆடிக்கொண்டே. பக்கத்தில் படுத்திருந்த பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். ஏறிட்டுப் பார்க்க எனக்கு முகமில்லை.

நான் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. எஸ்தரை நினைத்துக் குனிந்தேன். விரலில் ஒரு சிகரெட் துண்டு தட்டுப்பட்டது. எழுந்துவிட்டேன்.

ஜூன் 5, சனி

காபிக்குப் பால் கேட்டேன். வேலைக்காரப் பெண் புருவத்தைத் தூக்கி மோவாயை மேலே வெட்டினாள். சரி, வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி அதே வெட்டு. இங்கிலீஷ் தெரிந்த மானேஜர் வந்து சொன்னார்: இந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தமாம்.

அப்படியென்றால் படகுக்காரன் நேற்றுச் சொன்னதும் 'இல்லை'தான்.

நேற்றைய தீவு எது என்று கேட்டேன். வேறு ஏதோ பெயர் சொன்னார். பத்மு எங்கேயோ இருக்கிறது. அங்கே போகிற கப்பல் செவ்வாய்க்கிழமை. எங்கள் விமானம் நாளை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இது நம்ம நாலு பேருக்குத்தான தெரியும்?" என்றார்.

"பொய்யாச்சே அண்ணாச்சி."

"கவரு அம்புட்டும் அடிச்சாச்சு, சிஸ்டர். இப்பப் போயி என்ன செய்யச் சொல்றீக?"

போதகரைப் பார்த்தேன். "விசுவாசந்தான் முக்கியம்" என்றார். தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணி.

எனக்கும் வந்தது தலைவலி. அந்தக் கிளப்பில் கிடந்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இருப்பதைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். த்தூ, இவர்களோடு இன்னும் இரண்டு வாரம்.

ஜூன் 19, சனி

விருதுநகர் ஸ்டேஷன். மிளகாய் நெடியில் தும்மல், அப்பாடா ஊர் வந்தது. சபையார் மாலையோடு. பா. அக்கா பாட்டியம்மா மாதிரி எல்லாரையும் ஆசீர்வதிக்கிறாள். பத்முவைப் பார்த்த கண் என்று ஒருத்தி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருத்தங்கல் வீடு. எஸ்தர் பாதியாகிவிட்டாள். எழுந்து உட்கார முடியவில்லை. சின்ன வயசிலிருந்தே இடது கால் சூம்பினவள், இப்போது இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டது.

"மண்ணு?"

"அண்ணாச்சிட்ட இருக்கு."

"கொகை எப்படிக்கா இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு" என்றேன்.

பொய் சொன்ன வாயை டெட்டால் போட்டுக் கழுவ வேண்டும்.

ஜூன் 27, ஞாயிறு

அசனம். சோறும் ஆட்டுக்கறியும். கூட்டம் தாங்கவில்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு கவர் வாங்க வரிசை. போதகர் பிரசங்கத்தில் குகையை அங்குலம் அங்குலமாக வர்ணித்தார். வாசல் எந்தத் திசை, உள்ளே எவ்வளவு குளிர்ச்சி. அப்படியே புல்லரித்ததாம்.

ஜனங்கள் கவரை முத்தமிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுக்க மணலைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். தம்ளரைப் பிடுங்கிக் கொட்டினேன்.

"ஏன் சிஸ்டர், பரிசுத்த மண்ணுதான?"

"வேகவைக்காத எதையும் பிள்ளைக்குக் குடுக்காதே" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். கோழை.

பா. அக்கா தன் கையாலேயே ஒரு கவரை எஸ்தருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்தபோது தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவள் தூங்குகிறாள். இந்த மாதத்தில் இன்றுதான் முனகாமல் தூங்குகிறாள். நான் என்ன செய்ய, ஆண்டவரே?

ஜூன் 28, திங்கள்

காலையில் கஞ்சி கொண்டு போனேன். கவரைப் பிரித்து மடியில் கொட்டி வைத்திருக்கிறாள். தன் கையால் ஒட்டிய கவர், பசை இருக்கும் இடம் அவளுக்குத்தானே தெரியும். ஓரத்தில் கிழிக்காமல் திறந்திருக்கிறாள்.

இரண்டு விரலால் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். சிகரெட் துண்டு. நுனியில் சிவப்புச் சாயம்.

"யக்கா, அப்போஸ்தலரு உதட்டுக்குச் சாயம் பூசுவாரோ?"

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோவாய் வெட்டு, கிளப், எண்ணெய், சோம்புச் சாராயம், போதகர் ஆடினது. திட்டுவாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல், சிரிக்கிறாள். "சொல்லுக்கா, இன்னும் சொல்லு. நம்ம சபை ஐயரு எப்படி ஆடுனாரு?"

"அசிங்கம்டி. சொல்லவே நாக்குக் கூசுது. ஒரு நொண்டிக் கிழவிகூட நடுவுல நின்னு ஆடுறா."

சிரிப்பு நின்றது.

"நொண்டியா? எந்தக் காலு?"

யோசித்தேன். "எடது."

"கம்பு வச்சுக்கிட்டா?"

"கம்பத் தூரப் போட்டுட்டு."

"விழலையா?"

"இல்ல."

"யாரும் சிரிக்கலையா?"

"கை தட்டுனாக."

மடியில் கிடந்த மணலை ஒரு மணி விடாமல் கூட்டிக் கவருக்குள் போட்டாள். துண்டை மட்டும் என்னிடம் கொடுத்தாள், எறிந்துவிடச் சொல்லி.

"இதயே போடுக்கா."

"பைத்தியமாடி உனக்கு? அது கண்ட கழிசடைக கெடந்த மண்ணு. நான் உனக்கு வேற நல்ல மண்ணு..."

"தலமாட்டுல வேண்டாம். கால்மாட்டுல போடு."

முடியாது என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போயிற்று.

ஆகஸ்ட் 11, புதன்

நேற்று அடக்கம். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பெட்டி கனமே இல்லை என்று தூக்கினவர்கள் சொன்னார்கள்.

போதகர் நல்ல பிரசங்கம் பண்ணினார். கேட்கவில்லை. எல்லாரும் கரிசல் மண் மூன்று மூன்று பிடி போட்டார்கள். நான் இடுப்பிலிருந்து கவரை எடுத்தேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, பத்மு மண்ணு, பத்மு மண்ணு என்று. அண்ணாச்சி என் காதோரம் குனிந்தார். "பாத்தீகளா சிஸ்டர், கடைசியில நம்ம கவருதான்." அவர் வாயில் பாக்கு நாற்றம். அவரையே பிடித்து உள்ளே தள்ளலாம் போல வந்தது.

கிழிக்காமல், பசை ஓரத்தில் திறந்தேன். கை கூசத்தான் செய்தது, இப்போதும் கூசுகிறது.

கால்மாட்டுக்குச் சுற்றிப் போய்ப் போட்டேன். இடது பக்கம்.