இந்த வருடம் ஏன் பள்ளத்தில் கூடாரம்?

தோமா,

பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நான் என் தங்கையின் தடித்த தூக்கப் பையை வாங்கி வரப் போகிறேன். ரெத்தெசாத் மலைப் பூங்காவின் பனியில் கூடாரம் போட என்னுடையது போதாது.

நீ இந்த முறை தேர்ந்தெடுத்திருக்கும் இடத்துக்கு எதுவுமே போதாது. சாலை முடிகிற அந்தப் புல்வெளிப் பள்ளம்! மலைக் குளிரெல்லாம் இறங்கி அங்கேதான் தேங்கும். அங்கே கூடாரம் போடுகிறவர்களைப் பார்த்து, "ஐஸ் பெட்டிக்குள்ள படுக்க வந்திருக்காங்க பாரு" என்று வருடா வருடம் சிரித்தவன் நீ. கேட்டால், "மேல காத்து ஜாஸ்தி, ஸ்மராந்தா" என்கிறாய். காற்றுக்கு நீ எப்போது பயந்தாய்?

காலையில் மலை மீட்புக் குழுவிலிருந்து நெலு வந்தான், நம் பனி மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க. போகும்போது சொன்னான்: "அக்கா, அண்ணன் கேட்டாரே, எங்க பனி வண்டி அந்தப் புல்வெளி வரைக்கும் வந்துடும். கூடார வாசல்லயே நிறுத்தலாம். கவலைப்படாதீங்க."

"நான் எதுக்குடா கவலைப்படணும்?" என்றேன். காபியைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

எனக்கு வெறும் களைப்புதான் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

ஸ்மராந்தா

சூப்பில் உப்பு போடவில்லை, போட்டுக்கொள்.

இன்னொன்று. அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும், "தொப்பிய உள்ளயே விட்டுட்டேன், நீ போய் வண்டியில உக்காரு" என்று திரும்பிப் போனாய். வர ரொம்ப நேரமாயிற்று. தோமா, நீ திரும்ப உள்ளே போகும்போதே தொப்பி உன் தலையில்தான் இருந்தது.