பச்சைச் சிலுவை போட்ட மிதவை

அன்புள்ளவளுக்கு,

மாத்திரையைத் தவறாமல் போடு. வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தாதே. பொத்துவதற்கு இப்போது வலையும் இல்லை.

வேம்பாரில் உன் அண்ணனின் நண்டு வலையை ஏதோ ஒரு விசைப்படகு, லாஞ்சி, அறுத்து இழுத்துப் போய்விட்டது என்று போனில் அழுதாய். "நீங்க கரைப்பக்கம் மடி இழுக்கலல்லா?" என்றும் கேட்டாய். லாஞ்சி ஓட்டுகிற எனக்கு, கரையிலிருந்து மூன்று மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது என்ற சட்டம் தெரியாதா என்று கோபப்பட்டேன். பிள்ளை மேல் சத்தியமும் செய்தேன்.

அந்த வலை அறுந்த அன்று எங்கள் லாஞ்சியின் இழுவலை மடியில் கடல்புல் வேரோடு வந்தது. விரல் நீளக் குஞ்சு மீன்களும், வயிறு நிறைய முட்டையோடு நண்டுகளும் நசுங்கிக் கிடந்தன. எல்லாவற்றையும் கடலிலேயே தள்ளினோம். ஒன்றுகூட நீந்தவில்லை. அந்தப் புல் ஆழத்தில் முளைக்காது என்பது உன் அண்ணனுக்குத் தெரியும்.

இந்தப் பையை வேம்பார் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டுக்கு அடியில் ஒரு மிதவை இருக்கிறது. மடியைக் கழுவும்போது கிடைத்தது. அண்ணன் வலைக்கு அடையாளமாக, நகப் பூச்சால் நீ போட்ட பச்சைச் சிலுவை அதில் இன்னும் அழியவில்லை.

அதை நீயே அண்ணன் கையில் கொடு. யார் மடியில் கிடந்தது என்று கேட்டால், மறைக்காதே.

இப்படிக்கு,
பிள்ளை மேல் சத்தியம் செய்தவன்