ஓரம் மழுக்கிய கம்புகள்

அமராவதிபுதூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணன் சிவபிரகாஷுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி துர்காதேவி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அங்கே சைரன் சத்தமில்லாமல் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்கினாயா என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருக்கிறது, அம்மா வந்து உட்காருவதற்குள் நானாக ஒன்றை எழுதிவிடுகிறேன். போர் வேண்டாம் என்று அந்த ஊர் ஜனங்கள் சனிக்கிழமை ஊர்வலம் போனதாகப் போட்டோ அனுப்பினாயே, ரூம் மாடியிலிருந்து பார்த்ததாக. அதில் நான் முதலில் பார்த்தது முகங்களை இல்லை, அட்டை கட்டியிருந்த கம்புகளை. கை பிடிக்கிற இடத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு நாலு ஓரமும் மழுக்கியிருந்தது. துடைப்பக் கம்பைக்கூட அப்பா அப்படித்தான் மழுக்குவார், உள்ளங்கை உறுத்தக் கூடாது என்று, உனக்கும் அதையே பழக்கினார். இஸ்ரேலில் வேறு யார் அண்ணே அப்படிச் செய்வார்கள்? அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இனி அம்மா சொல்வது. அருண்பாண்டியன் லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் சைட்டுக்குத் திரும்புகிறான், போனில் பேசினால் மேஸ்திரி காதில் விழும் என்று பயந்துதான் அவன் கையில் இந்தக் கடிதம். சனிக்கிழமை நீ ரூமை விட்டு இறங்கக் கூடாது. அது அவர்கள் ஊர், அவர்கள் கத்தலாம். "அவுகளப் போலீசு பிடிச்சா வீட்டுக்கு அனுப்பும், இவனப் பிடிச்சா எங்குட்டு அனுப்பும்" என்கிறது அம்மா. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம், வா என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது.

இனி நானாக எழுதுவது. நேற்று பக்கத்து வீட்டுச் சகாயம்மாள் அத்தை வந்தார். அவர் மகள் கிறிஸ்டியும் உன்னைப் போல அங்கே, வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறாளே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காரைக்குடி அஞ்சு விளக்கு முக்கில் போர் வேண்டாம் என்று வரிசையாக நிற்கப் போகிறார்களாம், அட்டை கட்ட அப்பாவிடம் கம்பு கேட்டிருந்தார். கீழச்சிவல்பட்டிக்குக் கதவு மாட்டப் போகிற அவசரத்தில் அப்பா பதினொரு ரீப்பர் சட்டத்தை அறுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஓரம் மழுக்கவில்லை. அம்மா, "அஞ்சு விளக்குல கத்துனா குண்டு போடுறவனுக்குக் கேக்குமாக்கும், பொரிகடலைக்காரனுக்கு வேணாக் கேக்கும்" என்றது. அத்தை சிரித்துவிட்டார். "கேக்காதுதான் நாகவல்லி, இம்புட்டு நாளா நீயும் நானும் வாயத் தொறக்கல, சைரன் நின்னுருச்சா?" என்றார். "உங்க மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், பேசாம இருங்க" என்றது அம்மா. "பேசாம இருந்து பாத்தாச்சு, இனி நின்னு பாக்குறேன், துர்காவை அனுப்பு" என்றார். "அவ காப்பித்தூள் கேக்கவே கூச்சப்படுவா, அவளையா?" என்றது அம்மா. பொய்யில்லை, பத்தாவதோடு நின்றதிலிருந்து நாலு பேர் முன்னால் போனாலே எனக்கு வேர்த்துவிடுகிறது.

கூட்டம் கூடினால் போர் நிற்குமா என்று எனக்கும் தெரியவில்லை அண்ணே. நீ அந்தப் போட்டோ அனுப்பின மறுநாளும் சைரன் ஊதியது என்றாய். ஆனால் ஓரம் மழுக்கியிருக்கிறாய். ஒரு நாளில் தீர்கிற காரியம் என்றால் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டாய், ரொம்ப நாள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தானே செய்திருக்கிறாய். அம்மா பயப்படுவதும் சரியாகத்தான் தெரிகிறது. இறங்காதே என்று நானாக எழுத மனசு வரவில்லை, போ என்று எழுதவும் வரவில்லை.

காமாட்சி அம்மன் உன்னையும் கிறிஸ்டியையும் ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்க்கட்டும் என்று அம்மா கும்பிட்டுக்கொள்கிறது. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. சனிக்கிழமை இறங்காதே என்று இரண்டு தரம் எழுதச் சொன்னது, எழுதிவிட்டேன், இறங்காதே.

உன் அம்மா,
மு. நாகவல்லி

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தானே வரும், படித்துக் காட்டச் சொன்னது. அம்மா சொன்னதை மட்டும் படித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, இறுக்கமான மூடி வாங்கக் கடைக்குப் போனது. நான் தச்சுப் பட்டறைக்குப் போய் அப்பாவின் இழைப்புளியை எடுத்து, பதினொரு ரீப்பருக்கும் ஒரு சாண் அளவுக்கு ஓரம் மழுக்கி வைத்தேன்.