சோஃபாக் கடையில் ஒரு கை

மார்ச் 3, செவ்வாய்

ஒரு மூன்று பேர் சோஃபா, ஆறு நாற்காலி. எல்லாவற்றுக்கும் புது உறை. வாடிக்கையாளர் கேட்கும் நிறம் "பச்சையும் இல்லாம, நீலமும் இல்லாம". துணிக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி எனக்குக் கண் பூத்துவிட்டது.

வீட்டில் வழக்கம்போல அஞ்சல் சேவை. நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டே தன் அண்ணனிடம், "அண்ணா, குளியலறை விளக்க அணைக்கலன்னு அண்ணிகிட்ட சொல்லு" என்றாள். நான் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் அவரிடமே, "அணைச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் இரண்டையும் விழுங்கிவிட்டுக் கைகழுவ எழுந்தார்.

எட்டு மாதமாக இப்படித்தான். எங்களோடு தங்க வந்த புதிதில் யாரிடமோ போனில், "அண்ணியா? சோஃபாவுக்கு ஆணி அடிக்கிறாங்க" என்றாள். பொய் இல்லை. சொன்ன தோரணைதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுப்பவள். எலும்புக்கூட்டோடு பழகுகிறவளுக்கு மனுஷர்களோடு எப்படிப் பழகத் தெரியும் என்று நானும் கேட்டுவிட்டேன். பேச்சு அதோடு நின்றது.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரர் கடைக்கே வந்துவிட்டார். தங்கையின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறதாம். நிரந்தரம் ஆக வேண்டுமானால் பதினேழாம் தேதி தேர்வுக் குழு முன்னால் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்துத் தோற்றிருக்கிறாள். "வகுப்பு எடுக்கச் சொன்னா புத்தகத்த வாசிச்சுக் காட்டுறீங்க" என்றார்களாம். இதுதான் கடைசி வாய்ப்பு. போனால் போனதுதான்.

தலைப்பு, எலும்புத் தசைகள். அவளிடம் ஒரு பிளாஸ்டிக் எலும்புக் கை இருக்கிறது. அதற்குத் தசை தைத்து அசைகிற மாதிரி செய்து தர முடியுமா?

"இத அவ கேட்டாளா, நீங்க கேக்குறீங்களா?"

"அவதான். என்னைய விட்டு உன்கிட்ட கேக்கச் சொன்னா."

நம் வீட்டு வழக்கப்படி இது நேரில் கேட்ட மாதிரிதான். சரி என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன். உள்ளே நுரை, மேலே சிவப்பு வெல்வெட், கொழுகொழுவென்று ஒரு தசை. இரண்டு முனையையும் மேல்கை எலும்பில் இழுத்துப் பிடித்துத் திருகிவிட்டேன். எங்கேயும் தொய்வே இல்லை. என் வேலையில் யார் தொய்வு பார்த்திருக்கிறார்கள்?

மார்ச் 9, திங்கள்

தப்பாம். கை மடங்காதாம். இந்தத் தடவை அஞ்சல் வழி இல்லை, நேராகவே சொன்னாள்.

"அண்ணி, ரெண்டு முனையும் ஒரே எலும்புல இருந்தா அது எதை இழுக்கும்? ஒரு முனை தோள்பட்டையில, இன்னொண்ணு மூட்டத் தாண்டிக் கீழ்க்கை எலும்புல. அப்பத்தான் தசை சுருங்கும்போது கீழ்க்கை மேல வரும்."

நாங்கள் துணியின் எல்லா முனையையும் ஒரே சட்டத்தில்தான் அடிப்போம். சோஃபா எழுந்து நடந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் நோக்கமே. அதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

நுரையும் தப்பு. தசைக்குள் இருப்பது நார்கள். கொஞ்சம் நார்களைச் சேர்த்து மெல்லிசாக ஓர் உறை, அப்படிப் பல கட்டுகளைச் சேர்த்துப் பெரிய உறை. உறை என்று கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, அது நம் இலாகா. மெத்தை விளிம்புக்குள் வைக்கும் கயிறு மிச்சம் இருந்தது. அதைக் கட்டுக் கட்டாகச் சுற்றித் தைத்தேன். முனையில் எல்லா உறையும் ஒன்றாகச் சேர்ந்து, கெட்டியான தசைநாணாகி எலும்பைப் பிடித்துக்கொள்ளுமாம். அந்த இடத்துக்கு வெள்ளை கான்வாஸ்.

"சுருங்கும்போது உள்ள என்னதான் நடக்குது?" என்று கேட்டேன்.

இரண்டு கை விரல்களையும் நுனியில் கோத்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவவிட்டுக் காட்டினாள். "நாருக்குள்ள இன்னும் பொடிசா இழைங்க இருக்கு அண்ணி. எந்த இழையும் குட்டையாகாது. இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவும், மொத்த நீளம் குறைஞ்சிரும்."

இதைச் சொல்லும்போது அவள் கையில் புத்தகம் இல்லை. இப்படிச் சொல்லத் தெரிந்தவள் எப்படி இரண்டு தடவை தோற்றாள்?

அப்புறம் தன் அண்ணனைக் கையை மடக்கச் சொல்லி, திரண்டு வரும் தசையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ரொம்ப நேரம் தேடினோம்.

மார்ச் 15, ஞாயிறு

முன்பக்கத்து இருதலைத் தசை தயார். மேலே வைத்த வாரை இழுத்தால் கை மடங்குகிறது. நீட்டுவதற்குப் பின்பக்கம் முத்தலைத் தசை வேண்டும். அதற்கும் ஒரு வார் வையுங்கள், அதை இன்னோர் ஆள் இழுக்கட்டும் என்கிறாள். ஆளுக்கு எங்கே போவது? எலாஸ்டிக் பட்டை வைத்தால் முன்வாரை விட்டதும் தானாக நீண்டுவிடுமே.

"தசை அப்படித் தானா நீளாது அண்ணி."

"இது கயிறும் வெல்வெட்டும். இதுக்குத் தெரியவா போகுது?"

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் ஜெயித்தது நான். புதுப் பட்டை தீர்ந்துபோயிருந்தது. பழைய சோஃபாவிலிருந்து கழற்றிய பட்டையை வைத்துத் தைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

பலகையில் படுக்கவைத்துப் பொருத்தியாச்சு. மடங்குகிறது, நீள்கிறது. எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

பலகையைத் தூக்க நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேசையைச் சுற்றி மாணவர்கள், முன்னால் குழுவினர் மூன்று பேர். நாத்தனார் தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு பையன் கொட்டாவி விட்டான். எனக்கு அவனைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

பிறகு வாரை இழுத்தாள். கை மடங்கியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வாரை விட்டாள் — டப். பின்பக்கத்துப் பட்டை அறுந்துவிட்டது. கை மடங்கினபடியே கிடக்கிறது.

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். பழைய பட்டைன்னு தெரியும்ல, தெரிஞ்சும் ஏன் வச்சேன்? அவ வேலையே போச்சே.

"பரவால்ல, கையாலயே நீட்டி விட்டுட்டு மேல போங்க" என்றார் குழுவில் இருந்த துறைத் தலைவர்.

அவள் விரல் கை வரைக்கும் போய் நின்றுவிட்டது. தாளைக் கீழே வைத்தாள்.

"இல்ல சார். மடக்குன தசையால திரும்ப நீட்ட முடியாது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நீட்டணும்னா எதிர்ப்பக்கத்துலருந்து இன்னொருத்தர் இழுக்கணும்." கடைசி வரிசையைப் பார்த்தாள். "அண்ணி, கொஞ்சம் வாங்க."

எழுந்து முன்னால் போனேன். முழங்கை முனையில் தொங்கிய அறுந்த பட்டையை என் கையில் கொடுத்தாள். "நீங்க இழுங்க, நான் விட்டுக்குடுக்கிறேன்." இழுத்தேன். கை நீண்டது. "இப்ப நான் இழுக்கிறேன், நீங்க விட்டுக்குடுங்க." மடங்கியது. கொட்டாவிப் பையன், ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். இழுத்துக் காட்டினோம். கை விறைத்து, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.

"எதுவும் நடக்காது. ரெண்டு பேருக்கும் சோர்வுதான் மிச்சம்" என்றாள். மாணவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் தாளைத் தொடவே இல்லை.

வீட்டில் இதைக் கேட்ட வீட்டுக்காரர், "நடுவுல விறைச்சுப்போய் நின்ன அந்தக் கை நான்தான்" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

வேலை நிரந்தரம். நேராகக் கடைக்கு வந்து சொன்னாள். இரண்டு பேரும் நுரை மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதோம், ரொம்பச் சிரித்தோம். வீட்டுக்காரருக்குச் சொல்ல மறந்தேபோனது. "இப்பல்லாம் என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியறதில்ல" என்று ராத்திரி முழுக்கப் புலம்பல்.

ஆகஸ்ட் 6, வியாழன்

புது மாணவர்களுக்கு இன்று தசை வகுப்பு. கடையைச் சாத்திவிட்டுப் போனேன். எனக்கு அங்கே 'நீட்டுற மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் இழுத்தாள், நான் விட்டேன். நான் இழுத்தேன், அவள் விட்டாள்.

அந்தப் பட்டையை மாற்றித் தைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். அது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.