இடக்கை மணிக்கூடு

2024 ஆனி 4, செவ்வாய்

காலையில் மூன்று சட்டை வெட்டினேன். மத்தியானம் டினேஸ் வந்தான். மகன் ஜெரிசனோடு கனடாவில் ஒரே வீட்டில் இருக்கிற பெடியன், லீவில் வந்திருக்கிறான். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று மகன் கொடுத்துவிட்ட பெட்டியைத் தந்தான். உள்ளே சுவிஸ் மணிக்கூடு! சங்கிலி முழுக்க உருக்கு, நல்ல பாரம். இவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகவே பின்னேரம் போனது. முப்பத்திரண்டு வருடத்தில் என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா?

கட்டினால் முழங்கை வரை ஓடுகிறது. அப்பாவின் கை இளைத்தது மகனுக்கு எங்கே தெரியும்? வீடியோவில் முகம் மட்டும்தானே தெரிகிறது.

“ரவுணிலை கடைக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியைக் குறைப்பம்” என்றேன்.

“கடையிலை குடுத்தால் உள்ளுக்கு இருக்கிறதை மாத்திப்போடுவாங்கள். உம்மடை கைக்கு வராத வேலையோ, நீரே பாரும்.”

புகழ்ந்து வேலை வாங்குவதில் இந்தக் கிறிஸ்துநாயகத்தை மிஞ்ச கொழும்புத்துறையில் ஆளில்லை.

ஆனி 5, புதன்

கிளினிக்கிலிருந்து ரெலிபோன் வந்தது. 24ஆம் திகதி வரச் சொல்கிறார்கள். இவருடைய இரண்டு சிறுநீரகமும் களைத்துவிட்டன. மெசினில் இரத்தம் சுத்திகரிக்கும் காலம் வருமுன் இடக்கை மணிக்கட்டில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்து, இரத்தக் குழாயைத் தடிக்க வைக்க வேண்டுமாம். அது சரிவர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதற்குப் பிறகு அந்தக் கையில் மணிக்கூடு கட்டவே கூடாது. சித்திரையில் தந்த திகதியை வயிற்றுக்குத்து என்று சொல்லித் தட்டிக் கழித்தார்.

இன்று புதுக் காரணம். “பெடியன் ஆசையா அனுப்பின மணிக்கூடு. அதைக் கட்டுற கையை வெட்டவோ?”

“சித்திரையிலை எந்த மணிக்கூடு இருந்தது?” என்றேன். தன் மீன்பிடி வள்ளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டார்.

கோபம் வருகிறது. கோபமா, பயமா? இரண்டும்தான்.

ஆனி 6, வியாழன்

பத்து மணிக்குத் தொடங்கிய வேலை, முடிய ஒன்றரை.

முதலில் நாடாவால் மணிக்கட்டை அளந்து, ஒரு மணப்பெண்ணின் சட்டை அளவுக்குக் கீழே கொப்பியில் எழுதினேன். ஆறே முக்கால் அங்குலம். சங்கிலியின் கண்ணிகளைப் பிடித்திருப்பது கடுகளவு ஸ்குறூக்கள். தையல் மெசின் திருப்புளி சரியாகப் பொருந்தியது, ஆனால் ஒன்றும் அசையவில்லை. மகனை ரெலிபோனில் கூப்பிட்டேன். “அம்மா, உள்ளுக்குப் பசை போட்டிருப்பாங்கள். சங்கிலிக்கு மட்டும் சூடு காட்டுங்கோ.” சுடுதண்ணீரில் பிழிந்த துணியைச் சுற்றி வைத்தேன், இளகியது.

எடுக்கவேண்டிய இரண்டு கண்ணியையும் ஒரே பக்கத்தில் கழற்றிவிட்டேன், மடைச்சி! பூட்டு கையின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்குப் போய்விட்டது. திரும்பக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தேன். அதற்குள் ஒரு ஸ்குறூ விழுந்துவிட்டது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து தேடினார். “வெள்ளைச் சீலையை விரிச்சுப்போட்டுச் செய்யும் எண்டு சொன்னனானே!” சொல்லவே இல்லை. கடைசியில் என் காலடியில்தான் கிடந்தது.

கட்டிப் பார்த்தார். சின்னவிரல் நுழையும் இடைவெளி, அச்சொட்டாக இருக்கிறது. பூட்டின் உட்பக்கத்தில் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். அதை இவருக்குச் சொல்லவில்லை.

ஆனி 9, ஞாயிறு

பூசைக்குக் கட்டிக்கொண்டு வந்தார். கும்பிடும்போதும் இடக்கை வெளியே தெரியவேண்டும். கேட்காத ஆட்களுக்கெல்லாம் நேரம் சொன்னார். “சங்கிலியை வெட்டினது என்ரை மனுசி யோசப்பின்” என்று வள்ள முதலாளி சம்மாட்டியாரிடம் சொன்னதையும் கேட்டேன். வெட்டவில்லை, கழற்றினேன்! ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

ஆனி 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். கோயிலால் வந்து மணிக்கூட்டைக் கழற்றப் பார்த்தார், கழலவில்லை. நான் பூட்டைத் திறந்து எடுத்தேன். கையில் சங்கிலியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

“நீர் கண்ணியைக் கூடக் கழட்டிப்போட்டீர்” என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. முப்பது வருடமாக அளவெடுக்கிறேன், ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை. நாடாவை எடுத்து அளந்தேன். ஏழே கால். இன்னொருக்கால் அளந்தேன். ஏழே கால். கொப்பியைப் பார்த்தேன். ஆறே முக்கால் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு கிழமையில் அரை அங்குலம்? கொழுத்த கை இல்லையே இது. பெருவிரலால் அமத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

“காலைக் காட்டுங்கோ.”

“காலிலை ஒண்டுமில்லை.”

சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் வீங்கி மினுங்குகிறது. நாலு நாளாம்! எனக்குத் தெரியக் கூடாதென்று சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். கத்திவிட்டேன். என்ன மனுசன் இது? நான் ஒருத்தி ஏன் இந்த வீட்டிலை இருக்கிறன்? மணிக்கூட்டைத் துடைச்சுத் துடைச்சு வைக்கத் தெரியுது, வீங்கின காலை எனக்குக் காட்டத் தெரியேல்லை.

அவர் சாரத்தை இழுத்துக் காலை மூடினார். 

ஆனி 14, வெள்ளி

கிளினிக். தண்ணீர் இறங்கக் குளிசை தந்தார்கள். உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். இனியும் கை ஒப்பரேசனைப் பிந்தவிட்டால், அந்தர அவசரத்தில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் மெசினில் ஏற்ற வேண்டிவரும் என்று டொக்டர் இவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

திரும்பி வரும்போது ஓட்டோவை இறங்குதுறையடியில் நிற்பாட்டச் சொன்னார். வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

“மணிக்கூட்டுக்காக இல்லையப்பா. இந்தக் கையாலைதான் வள்ளத்து எஞ்சின் பிடிக்கிறனான். உது போச்செண்டால் பிறகு நான் கரையிலை குந்தியிருக்கிற ஆள்தானே.”

“கரையிலை எண்டாலும் எனக்கு நீங்கள் இருக்கவேணும்” என்றேன். ஓட்டோக்காரப் பெடியன் கேட்டிருப்பான். கேட்கட்டும்.

வள்ளத்திலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, “சரி, 24ஆந் திகதி போவம்” என்றார்.

ஆனி 23, ஞாயிறு

உடுப்புப் பையை அடுக்கியாயிற்று. மூன்று தரம் வெளியே எடுத்துத் திரும்ப வைத்தேன். கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனி 24, திங்கள்

ஒப்பரேசனுக்குக் கூப்பிட்டபோது மணிக்கூட்டைத் தானே கழற்றி என் கையில் தந்தார். “கவனம்” என்றார். எதைச் சொன்னாரோ தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே வெளியே மர வாங்கில் குந்தியிருந்தேன். நேரம் பார்க்கப் பிடிக்காமல் மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்தேன்.

நல்லபடியாக முடிந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். வெளியே வந்ததும் வலக்கையை நீட்டினார். “இதிலை கட்டிவிடும்.” வீக்கம் வற்றியிருந்தாலும் வலக்கை கொஞ்சம் தடிப்பு. பூட்டில் ஒரு படி தளர்த்தினேன், சரியாக இருந்தது.

ஆனி 30, ஞாயிறு

வலக்கையால் எஞ்சின் பிடித்துப் பழகப் போகிறாராம். கட்டிப்போட்ட வள்ளத்தில் மற்றப் பக்கம் திரும்பி இருந்து கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தார், எஞ்சினைத் தொடக்காமலே. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

ஆடி 9, செவ்வாய்

நேற்றுத் தையல் பிரித்தாயிற்று. காயம் ஆறிவிட்டது. அந்த இடத்தில் நாளாந்தம் காது வைத்துக் கேட்கவேண்டும், உள்ளே இரத்தம் ஓடும் சத்தம் நின்றால் உடனே வரவேண்டும் என்று நேர்ஸ் பிள்ளை இவருக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் இன்று காலையில் தேத்தண்ணியோடு போனால் இடக்கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறார்.

“எஞ்சின் இரைச்சலிலை என்ரை காது எப்பவோ போட்டுது. நீர் கேட்டுச் சொல்லும்.”

பக்கத்தில் இருந்து மணிக்கட்டில் காதை வைத்தேன். விட்டு விட்டு ஓர் இரைச்சல். தூரத்தில் வள்ளம் ஒன்று போகிற மாதிரி.

“கேக்குதோ?”

“பொறுங்கோ” என்றேன். வைத்த உடனேயே கேட்டுவிட்டது. ஆனாலும் காதை எடுக்கவில்லை.