செவலைக்கு வந்த நிவாரணம்

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சில எழுத்து மேட்டில் நிற்கிறது, சில பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. எழுதப் படித்ததே இந்த வருஷம்தான். ஒரு வரி முடிவதற்குள் வேப்பமரத்து நிழல் நகர்ந்துவிடுகிறது. ஆனாலும் கை நிற்க மாட்டேன் என்கிறது. முதல் மடல் உனக்குத்தான் என்று எழுத்து வகுப்புக்குப் போன அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கொட்டகையில் மணி கிணுகிணுக்கிறது. நம் பசு செவலையின் கழுத்திலிருந்து நீ அவிழ்த்து வைத்த அதே மணி. அதைக் கேட்டால் நம் வடக்குத்து கிராமம் மறைந்து, பால் ஊற்றப் போன டவுன்ஷிப் தெரு வருகிறது. விடியல் பனியில் நீ முன்னால், செவலை பின்னால். மணிச் சத்தத்துக்குக் குவார்ட்டர்ஸ் வாசல்களில் பெண்கள் பாத்திரத்தோடு வருவார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே கறந்து ஊற்றுவாய். நான் கன்றைப் பிடித்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் நிற்பேன்.

அப்புறம் அந்தப் பெருமழை. நெல் அழுகியது. கொட்டகைச் சுவர் விழுந்து செவலை போனது, கன்று தப்பியது. நாய் வந்துவிடும் என்று உடனே மேட்டில் குழி வெட்டச் சொன்னாய். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, உன் நல்ல புடவையைப் போர்த்தி அடக்கம் செய்தாய். செத்த மாட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தரும், அதற்கு டாக்டர் உடலைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்தார்.

"தோண்டிக் காட்டுங்க. பார்க்காம நான் எப்படி எழுதறது?"

கன்றுக்குத் தீவனம் வாங்கவும் வழியில்லாத நேரம். நான் உன்னிடம் கெஞ்சினேன். "ஏமே, மூஞ்ச மட்டும் காட்டிட்டு மூடிடலாம்."

நீ அந்த மேட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாய். "உங்கம்மாவப் பொதச்சிட்டு, மறுநாளே போட்டோ புடிக்கத் தோண்டுவியா நீ?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அப்ப சாட்சியாவது வேணும்மா."

"சாட்சிதானங்க? நாளைக்கி வாங்க, இட்டாறேன்."

அடுத்த நாள் கண்டதைக் கனவு என்றே இன்னும் நினைக்கிறேன். தூறலில், சேற்று வரப்பில், குடை பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பால் வாங்கும் அதே பாத்திரங்களில் கன்றுக்கு நொய்யும் தவிடும் கொண்டுவந்தார்கள்.

திருநெல்வேலி அம்மா முன்னால் வந்து நின்றார். "நெத்தியில வெள்ளச் சுட்டி, இடது கொம்பு வளைஞ்சிருக்கும். எம் பிள்ளைய வளத்தது இந்தப் பாலுதான். நான் சொல்லுதேன், எழுதுங்க சார்."

"ஒரு சொட்டு தண்ணி கலந்ததில்லைங்க" என்றார் இன்னொருவர்.

நீ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "கலக்க எங்க வுட்டீங்க? கண்ணு கொட்டாம பாத்துகினு இல்ல இருந்தீங்க!" என்றாய். அழ வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

நிவாரணம் வந்தது. சுவர் எழுப்பினோம், தீவனம் வாங்கினோம். எனக்கு ஒரு வேட்டி கேட்டதற்கு, "இது செவல சம்பாதிச்சது. அதோட புள்ளைக்குத்தான்" என்றாயே!

இந்த வருஷமும் மழை பயிரைத் தின்றது. நிவாரணத்துக்கு எழுத வந்தவர் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். "பேனா குடுங்க" என்றேன். பேரை எழுதி முடிக்கும் வரைக்கும் மனுஷன் பொறுமையாக நின்றார். நீ உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

செவலை கிடக்கும் மேட்டில் இன்றுவரை மண்வெட்டி பட்டதில்லை. புல் இடுப்பளவு நிற்கிறது. காற்றடித்தால் மாடு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது.

இப்போது மணி கட்டியிருப்பது அந்தக் கன்றின் வழியில் வந்தது. நிறைமாதச் சினை. அடுத்த வாரம் ஈன்றுவிடும். காளையா, கிடாரியா என்று உடனே எழுதுகிறேன். கிடாரி என்றால் உன் பேர்தான். தாலி கட்டிய நாளிலிருந்து உன்னை 'ஏமே' என்றே கூப்பிட்டுவிட்டேன். இனி தினமும் காலையில் கொட்டகை வாசலில் நின்று உன் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவேன்.