இரண்டு தடவை சீவிய ஹெட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, புத்திக்குத்தான் கேடு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் விட்டதா என்று எழுது.

நம் ரொட்டி வண்டி பாலத்து ஏற்றத்தில் திணறுகிறது என்று சொன்னேன் அல்லவா. இன்ஜின் படித்த மகளாயிற்றே என்று உன் அப்பா உன்னைக் கேட்டார். சிலிண்டரை மூடுகிற ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவினால் உள்ளே இடம் குறையும், எட்டில் ஒரு பங்காக நசுங்குகிற பெட்ரோலும் காற்றும் ஒன்பதில் ஒரு பங்காக நசுங்கும், குதிரைத்திறன் நூற்றுக்கு மூன்று கூடும் என்றாய். சரி. உன் தம்பி தனியாகக் கேட்டபோதும் அதையே சொன்னாயாம். அப்பாவும் கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நம் வீட்டு லட்சணம் உனக்குத் தெரியாததா? அவன் படிப்பைப் பாதியில் விட்டு வண்டி ஓட்ட வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இவர் "உன் பையன்கிட்ட சொல்லு" என்பார், அவன் "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்பான், நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன்.

இந்த விஷயத்தில் என்னிடமும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் ஹெட்டைக் கழற்றி, பட்டறையில் சீவிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவனிடம் சொன்னால் தானே முதலில் இறங்கி வந்ததாகிவிடும் என்று இருந்துவிட்டார். மத்தியானம் வந்தவன் அது பளபளவென்று இருப்பதைப் பார்த்து, அப்பா உப்புத்தாளில் தேய்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, வேறொரு பட்டறையில் கொடுத்து மறுபடியும் சீவிவிட்டான். ஒரு வார்த்தை கேட்டால் குடியா முழுகிவிடும்? மறுநாள் ரொட்டியோடு பாலம் ஏறின வண்டி டக் டக்கென்று இடித்து, கொதித்து, பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. அளவுக்கு மீறி நசுக்கினால் பெட்ரோல் கண்டபடி தானே வெடிக்குமாமே, நம் பெட்ரோலுக்கு அது தாங்காதாமே. நூற்றுக்கு மூன்று கேட்கப் போய், இருந்த நூறும் போயிற்று. இப்போது எதிர்வீட்டுப் பால்காரர் அவர் வேலை முடிந்ததும் தருகிற வண்டியில் ரொட்டி போகிறது.

நேற்று ஹெட்டை மறுபடியும் கழற்றி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு எடுத்த?" என்றார். நான் வழக்கம்போல் அவன் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவனே, "ஒரு மில்லிமீட்டர். நீங்க?" என்றான். இவர், "நானும் அதேதான்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசின முதல் பேச்சு இதுதான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு விட்டார்களா? தப்பு யார்மேல் என்று அப்போது பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை, சாப்பிடும்போதும் அதே பாட்டு, கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைத் தடிமனாக வைத்தால் சரியாகும், எவ்வளவு தடிமன் என்று உன்னைத்தான் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். உன் லீவு நாளில் சேர்ந்து உட்கார்ந்து கூப்பிடப் போகிறார்கள். அதற்குமுன் இதைப் படித்துவிடு என்றுதான் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நன்றாயிரு. கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. முக்கியமாக, அவர்கள் கேட்டதும் விடையைச் சொல்லிவிடாதே. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று நாலு நாள் இழு. பால்காரர் வண்டியில் நான் சமாளித்துக்கொள்கிறேன், அவர்கள் இன்னும் கொஞ்சம் சண்டை போடட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா